மிகுபுனைவில் மூலிகை மடம்: எழுதத் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

மாயமும் மந்திரமும் கலந்த மிகுபுனைவுக் கதைகளிலும், ஆட்டக்காரர் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் ஓர் அமைப்பு உண்டு. காட்டோரத்திலோ மலையடிவாரத்திலோ ஒரு மடம் இருக்கும். ஒரே விரதத்துக்குக் கட்டுப்பட்ட ஆண்களும் பெண்களும் அதில் வாழ்வார்கள். நோயென்று வந்தவர்களுக்கு மூலிகையால் மருத்துவம் பார்ப்பார்கள். அந்த மூலிகை விளையும் காட்டையும் நீர்நிலையையும் தங்கள் தெய்வத்தின் உடைமையாகக் கருதிக் காவல் காப்பார்கள். இவ்வமைப்பை இக்கட்டுரையில் மூலிகை மடம் என்றே குறிப்பிடுகிறேன். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு தமிழில் மிகுபுனைவை முதன்முறையாக எழுதிப் பார்க்க நினைக்கும் ஒருவர், அத்தகைய மடத்தைத் தம் கதையில் வாசகர் நம்பும்படி எப்படி நிறுத்துவது என்பதே இங்கே பேசப்படும் பொருள்.

முதலில் எல்லையை வரைந்துகொள்வோம். தனியாக அலையும் சித்தர் ஒருவரை மூலிகை மடம் என்று சொல்ல முடியாது. பரம்பரையாக வைத்தியம் பார்க்கும் ஒரு குடும்பத்தையோ, மரம் வெட்டுவோரைத் துரத்தும் வனக்காவலர் படையையோ அப்படிச் சொல்ல இயலாது. உறுப்பினர் அனைவரையும் கட்டுப்படுத்தும் ஒரு சமய விரதமும், தலைமுறை தாண்டிக் கைமாறும் மருத்துவ அறிவும், பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரு நிலப்பகுதியின் மீதான பொறுப்பும் ஒரே இடத்தில் பிணைந்திருந்தால்தான் அது மடம். இவற்றுள் மூன்றாவதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ‘இயற்கையைக் காப்பவர்கள்’ என்று எழுதிவிட்டு, எந்த இயற்கையை என்று சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். எந்த ஓடை, எந்தச் சரிவு, ஏறத்தாழ எத்தனை மரங்கள் என்பது தெரியாத காவலுக்குக் கதையில் எடை கிடையாது.

மேற்கத்திய மிகுபுனைவுக்குள் இந்த அமைப்பு நுழைந்த வழியைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது; எதைக் கடன் வாங்குகிறோம் என்பது தெரிந்தால்தான் எதை விட்டுவிடலாம் என்பதும் தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டில், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் (Gaul) என்னும் நாட்டில் போர் நடத்திய ஜூலியஸ் சீசர், அங்கிருந்த துரூயிடுகள் என்னும் பூசகர் வகுப்பாரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் வழக்குகளைத் தீர்த்தார்கள். வரியும் போர்ப்பணியும் அவர்களுக்கு இல்லை. சிலர் இருபது ஆண்டுகள்வரை பாடல்களை மனப்பாடம் செய்தார்கள். சமய அறிவை எழுத்தில் பதிப்பதைத் தகாததாகக் கருதினார்கள். மூலிகையின் வாசனை வருவது, ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு எழுதிய மூத்த பிளினி என்னும் ரோமானிய அறிஞரிடம். பிறை தோன்றிய ஆறாம் நாளில் வெள்ளுடை அணிந்த துரூயிடு ஓக் மரத்தின் மீதேறி, அதில் ஒட்டி வளர்ந்த புல்லுருவியைப் பொன் அரிவாளால் அறுப்பார் என்றும், அது தரையில் விழாமல் கீழே வெண்துணியில் ஏந்திக்கொள்வார்கள் என்றும் அவர் விவரிக்கிறார். மூலிகைத் தோட்டமோ வேறு திசையிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கிறித்துவ மடங்களில் நோயாளிகளைப் பேணுவது விதியாகவே இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட, சுவிட்சர்லாந்திலுள்ள புனித கால் (St. Gall) மடத்தின் வரைபடத்தில், மருத்துவரின் இல்லத்தை ஒட்டி 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் வேடமேற்பு விளையாட்டு, 1976இல் வந்த துணைநூல் ஒன்றின் வழியாகத் துரூயிடை ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய பாத்திரமாக்கியது. அதற்குப் பின் வந்த கணினி விளையாட்டுகளும் அந்த அச்சிலிருந்தே நிறைய எடுத்துக்கொண்டன.

இவ்வாறு பூசகரும் தோட்டக்காரத் துறவியும் விளையாட்டுப் பாத்திரமும் ஒன்றாகக் குழைந்த உருவத்தைத்தான் நம் பிள்ளைகள் திரையில் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆயினும் பினாங்கு மலையின் ஈரத்தில் வளர்ந்த ஒருவர், தம் கதையில் பனிக்காலத்தையும் ஓக் மரத்தையும் வைத்துவிட்டு, மடத்தின் தலைவருக்கு மட்டும் தமிழ்ப் பெயர் சூட்டுவது எனக்கு வீண்வேலையாகவே படுகிறது. கையெட்டும் தூரத்தில் அதைவிட வளமான மூலப்பொருள் கிடக்கிறது.

பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இருக்கும் பாம்புக் கோயிலை எடுத்துக்கொள்வோம். பினாங்குக்காரர்கள் அதைச் சுற்றுலா இடமாகவே நினைத்துப் பழகிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்தச் சீனக் கோயில், சோர் சூ கோங் என்னும் துறவிக்கு உரியது. அவர் நோயாளிகளைக் குணப்படுத்தியவர் என்றும், காட்டுப் பாம்புகளுக்குத் தம் இருப்பிடத்தில் அடைக்கலம் கொடுத்தவர் என்றும், கோயில் கட்டி முடிந்ததும் பாம்புகள் தாமாகவே வந்து குடியேறின என்றும் ஐதீகம். அங்கே காணப்படும் குழிவிரியன்கள் நஞ்சுள்ளவை. மருத்துவர் ஒருவர் நஞ்சுக்கு இடம் கொடுக்கிறார் என்னும் அந்த ஒரே செய்தியில் ஒரு நாவலுக்கான விதை இருக்கிறது. ஆனால் ஐதீகம் ஒரு மனிதரைப் பற்றியது. மடம் என்பது அவர் மறைந்த பிறகு தொடங்குவது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஒருநாள் அடைக்கலப் பாம்பு தீண்டிவிட்டால் என்ன செய்வது என்று சீடர்கள் கூடிப் பேசி ஒரு விதியை எழுதுகிறார்களே, அந்த விதியோடுதான் மூலிகை மடம் பிறக்கிறது.

நிறுவனமாக இயங்கிய மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டு ஒன்று சிறந்த வழிகாட்டி. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையோடு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்ததைச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லும் கொடுக்க வேண்டிய காசும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. நம் வட்டாரத்தையே எடுத்துக்கொண்டால், கம்போடியாவின் அங்கோர் பேரரசன் ஏழாம் செயவர்மன் காலத்தில், 1186ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு நாடெங்கும் 102 மருத்துவ சாலைகள் இருந்ததாகக் கூறுகிறது. அவை மருத்துவப் புத்தரின் பெயரால் நடந்தவை. சமயமும் மருத்துவமும் அரசின் களஞ்சியமும் ஒன்றாக இயங்கிய உலகம் நமக்கு அந்நியமானதன்று. அதைக் கற்பனை செய்ய ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை.

சித்தர் மரபைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சித்தர்கள் பெரும்பாலும் மடங்களையும் சடங்குகளையும் கேலி செய்தவர்கள். அவர்களைச் சீருடை அணிவித்து வரிசையில் நிறுத்தினால் அந்த மரபின் உப்பு போய்விடும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது பரிபாடை: மருந்துப் பொருள்களை நேரடியாகச் சொல்லாமல், குருவிடம் கற்றவருக்கு மட்டுமே விளங்கும் மறைபெயர்களால் பாடுவது. காவல் என்னும் பக்கத்துக்குத் தமிழகக் கோயில்காடுகள் கைகொடுக்கும். அய்யனாருக்கோ அம்மனுக்கோ விடப்பட்ட அந்தக் காடுகளில் மரம் வெட்டுவது குற்றம். சில ஊர்களில் உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்லமாட்டார்கள். தாய்லாந்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து பௌத்தத் துறவிகள் பெருமரங்களுக்குக் காவித் துணி சுற்றித் துறவறம் அளித்துக் காட்டழிப்பைத் தடுக்க முயன்றிருக்கிறார்கள். மரத்துக்கே துறவறம் என்பதைப் புனைவாக எழுதியிருந்தால் ‘இது கொஞ்சம் அதிகம்’ என்று ஆசிரியர் ஒருவர் வெட்டியிருப்பார்.

இனி மையத்துக்கு வருவோம். மூலிகை மடத்துக்கு இரண்டு கடமைகள்: குணப்படுத்துவது, காப்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை உடன்பிறந்தவை போலத் தோன்றும். உண்மையில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. மருந்து வேண்டுமென்றால் பறிக்க வேண்டும், கிள்ள வேண்டும், பட்டையை உரிக்க வேண்டும், வேரைத் தோண்ட வேண்டும். காப்பது என்றால் இவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும். இந்த இழுபறியைக் கதைக்குள் கொண்டுவராதவரை, மூலிகை மடம் பச்சை அங்கி அணிந்த மருத்துவமனையாகவே நின்றுவிடும். என்னைக் கேட்டால், மந்திரம், வரலாறு, சின்னம், உடையின் நிறம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்தச் சண்டையைத் தீட்ட வேண்டும்.

சண்டையைத் தீட்டுவதற்குச் செடிகளின் உடற்கூறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இலை தரும் மூலிகைக்குப் பெரிய சிக்கல் இல்லை. வல்லாரையோ பூனைமீசையோ கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வேர் தரும் மூலிகையைத் தோண்டினால் செடி போயிற்று. பட்டைதான் நுட்பமான இடம். மரத்தின் இலைகள் சமைத்த சர்க்கரை, உட்பட்டையின் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் குறுகலாகப் பட்டை எடுத்தால் மரம் காலப்போக்கில் தன் காயத்தை மூடிக்கொள்ளும். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் நின்றபடியே செத்துப்போகும். இந்த ஒரு செய்தியே ஒரு மடத்துக்குச் சட்டம், குற்றம், தண்டனை எல்லாவற்றையும் தந்துவிடும். சூரியன் உதிக்கும் பக்கத்தில் மட்டுமே உரிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், வெளியாருக்கு அது வெறும் சடங்காகத் தோன்றும். ஒரே பக்கம் என்று வரையறுத்ததால் வளையம் ஒருபோதும் முழுமை பெறாது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். சடங்கின் அடியில் இப்படியொரு காரணம் புதைந்திருக்கும்போது வாசகருக்கு அந்த மடத்தின் மீது மதிப்பு பிறக்கும்.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வு இங்கே பொருத்தமானது. 1987இல் சரவாக்கின் லுண்டு பகுதியில், பிந்தாங்கோர் இன மரம் ஒன்றிலிருந்து இலையும் குச்சியும் ஆய்வுக்காக எடுத்துச் செல்லப்பட்டன. அந்தச் சாறு ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி. கிருமியை ஒடுக்குவது பின்னர் தெரியவந்தது. அதிலிருந்த பொருளுக்குக் கலனோலைடு என்று பெயரிட்டார்கள். மேலும் சாறு வேண்டி அதே இடத்துக்குத் திரும்பிப் போனபோது மரம் வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களில் அந்தப் பொருள் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. கடைசியில் நெருங்கிய உறவுள்ள வேறோர் இனத்தின் பாலில், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கலனோலைடு கிடைத்தது. பாலை எடுக்க மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. ஒரு மூலிகை மடம் எதற்காகத் தன் காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் வைத்துப் பதிவேடு வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த நிகழ்வைவிட நல்ல விடை இல்லை. இனம் அழியாமல் இருந்தால் போதும் என்பது அரசாங்கத்தின் கணக்கு; இந்த மரம், இதே மரம் என்பது மடத்தின் கணக்கு.

அகில் மரத்தின் கதை இன்னும் கடுமையானது. நம் வாசனைக்கும் வழிபாட்டுக்கும் பயன்படும் அகிற்கட்டை, மலாய் மொழியில் காஹாரு, நலமாக இருக்கும் மரத்தில் உண்டாவதில்லை. மரம் காயம்பட்டு, பூஞ்சை தொற்றி, அதை எதிர்க்கத் தன் உடலுக்குள் பிசினைச் சுரக்கும்போதுதான் மணம் பிறக்கிறது. வெளியிலிருந்து பார்த்து உள்ளே கட்டை இருக்கிறதா என்று அறிவது கடினம் என்பதால், பேராசைக்காரர் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிப் பார்ப்பார். மலாயா அகில் மரத்தை 1995இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்ததற்கு இத்தகைய வேட்டையே காரணம். நோய்பட்ட மரத்திலிருந்துதான் மருந்து வரும் என்றால், குணப்படுத்துவதையே விரதமாகக் கொண்ட மடம் அந்த மரத்தைக் குணப்படுத்துமா, அல்லது அதன் நோயைப் பேணி வளர்க்குமா? இந்தக் கேள்வியை நான் யாருக்கும் இலவசமாகத் தருகிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

கற்பூரத்துக்கு ஜொகூர் காடுகளில் இருந்த நடைமுறையோ நேரடியாகவே மிகுபுனைவைப் போன்றது. கப்பூர் மரத்தின் உட்பிளவுகளில் படிகமாக உறையும் இயற்கைக் கற்பூரம் எல்லா மரத்திலும் கிடைப்பதில்லை. அதைத் தேடிப்போன ஜக்குன் பூர்வகுடியினர், காட்டில் இருக்கும் நாள்களில் அன்றாடச் சொற்களைத் தவிர்த்து, அந்த வேலைக்கென்றே அமைந்த தனிமொழியில் பேசினார்கள் என்றும், உணவிலும் விலக்குகளைக் கடைப்பிடித்தார்கள் என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் கூறுகின்றன. வேண்டாத சொல் காதில் விழுந்தால் கற்பூரம் கிடைக்காமல் போகும் என்பது நம்பிக்கை. பறிப்பதற்கு முன் பேச்சையே மாற்றிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது, நாம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நடந்துகொள்ளாமல் அவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுப்பது நேர்மை. அவர்களின் பேரர்கள் இன்றும் இந்நாட்டில் வாழ்கிறார்கள். காடு அவர்களுக்கு இன்னும் வழக்கு மன்றத்துக்குப் போகும் விவகாரமாகவே இருக்கிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காய்ச்சலைத் தீர்க்கும் பட்டை கொண்ட மரங்கள் நாற்பது, ஒரு மடத்தின் சரிவில் நிற்கின்றன. நட்டு முப்பது ஆண்டு ஆனால்தான் பட்டையில் வீரியம் ஏறும். ஒரு மரத்துக்குக் காயம் ஆறும் அளவில் உரித்தால் ஆண்டுக்கு ஆறு பேருக்கு மருந்து. முழுவதும் உரித்தால் அறுபது பேருக்கு மருந்து, ஆனால் மரம் போய்விடும். அமைதியான ஆண்டில் 240 பேரைக் காப்பாற்றலாம். ஒருநாள் கீழேயுள்ள துறைமுகப் பட்டினத்தில் கொள்ளைக் காய்ச்சல் பரவி, இரண்டாயிரத்து நானூறு பேர் மலைப்பாதையில் ஏறி வருகிறார்கள். நாற்பது மரங்களையும் பலி கொடுத்தால் அத்தனை பேரும் பிழைப்பார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த மலையில் மருந்தே இருக்காது, அதற்குள் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கைவிரிக்க வேண்டியதுதான். இதில் தீயவர் யாருமில்லை. ‘உயிரைக் காப்பேன்’ என்று எல்லாரும் சொன்ன ஒரே சத்தியம், எந்த உயிரை என்று குறிப்பிடாததால் மடத்தை இரண்டாகப் பிளக்கிறது. நோயாளியின் முகத்தை நாள்தோறும் பார்க்கும் மருத்துவத் துறவிகள் ஒரு பக்கமும், காட்டில் மாதக்கணக்கில் தனித்திருந்து மரங்களோடு பழகிய காவல் துறவிகள் மறுபக்கமும் நிற்பார்கள். மரங்களைப் பாதியாகப் பிரித்து உரிக்கலாம் என்று மூன்றாவது ஒருவர் சொல்வார். யாரை அந்தப் பாதியில் சேர்ப்பது என்று கேட்டதும் அவரும் வாயடைத்துப் போவார்.

மந்திரம் இங்கேதான் வில்லங்கமாகிறது. கையை வைத்தால் காயம் ஆறும், சொல்லைச் சொன்னால் மரம் துளிர்க்கும் என்று எழுதிவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும். மந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசகர் அதற்காகத்தானே மிகுபுனைவைத் திறக்கிறார். அதற்கு ஒரு விலை இருக்கட்டும், அந்த விலை இதே இரண்டு கடமைகளுக்குள் விழட்டும். மரத்தைத் துளிர்க்கச் செய்யும் துறவி தன் ஆயுளில் அத்தனை ஆண்டை இழக்கிறார் என்றால், காவல் என்பது உடனே உடலில் தைக்கும் பொருளாகிவிடும்.

மடத்தின் அன்றாடத்தைப் பற்றியும் எழுத வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டின் அருமை இதில்தான் தெரியும்: அரிசி எங்கிருந்து வருகிறது? அரசன் கொடுத்த நிலமா, நோய் தீர்ந்தவர்களின் காணிக்கையா, பட்டினத்து வணிகர் சங்கத்தின் உபயமா? காணிக்கையை நம்பி வாழும் மடம் பணக்கார நோயாளியை வாசலில் காத்திருக்கச் செய்யத் தயங்கும். அரசன் கொடுத்த நிலத்தில் வாழும் மடம், அரசனின் படைக்குப் போர்க்கள மருந்து காய்ச்ச மறுக்க முடியாது. பினாங்கு மக்களுக்குத் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் எப்படி நடக்கிறது என்பது தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார், யார் பெயர் எந்த இடத்தில் எழுதப்பட்டது என்ற கதைகளும் தெரியும். அந்த அனுபவத்தைத் துணிந்து மிகுபுனைவுக்குள் கொண்டுவரலாம்.

பயிற்சியைச் சீசரின் இருபது ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மனப்பாடத்தோடு நிறுத்த வேண்டாம். மருத்துவ மரபுகளில் மூலிகையின் பெயரை அறிவது தொடக்கப் பாடம்தான். எந்தப் பருவத்தில் பறிப்பது, எந்தப் பகுதியை எடுப்பது, நஞ்சை எப்படி நீக்குவது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பவையே உயர்நிலைப் பாடங்கள். சேங்கொட்டையை அப்படியே தொட்டால் தோல் கொப்பளிக்கும். நஞ்சு நீக்கிச் சுத்தி செய்த பிறகே அது மருந்துக்குள் போகும். ‘இயற்கையானது, ஆகவே தீங்கில்லாதது’ என்னும் எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது; மிகுபுனைவு அதற்குத் தூபம் போடாமல் இருப்பது நல்லது. நாட்டு மருத்துவத்தில் பெயர்பெற்ற ஆடுதீண்டாப்பாளை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் உள்ள செடிக்குலத்தைச் சேர்ந்தது என்பது இன்று உறுதியான செய்தி. ஆகவே உண்மையான செடியின் பெயரைப் போட்டு, அதற்கு இல்லாத ஆற்றலையும் அளவையும் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். வாசகர்களில் யாரோ ஒருவர் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்கக்கூடும். வல்லாரை, வேம்பு, வெற்றிலை போன்ற தெரிந்த செடிகள் பின்னணியில் மணக்கட்டும். கதையைத் திருப்பும் மருந்து மட்டும் முழுக்கக் கற்பனையாக இருக்கட்டும்.

மடம் என்றால் ஆதி காட்டுக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்னும் பழக்கமும் விடத்தக்கது. கோலாலம்பூருக்கு வடமேற்கே கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடு, ஈயச் சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் 1920களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. அங்குள்ள கப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு வளர்ந்திருப்பதைக் காணலாம். காவல் என்பதை மிச்சமிருப்பதைச் சுற்றி வேலி போடுவதாக மட்டும் நினைக்கும் எழுத்தாளருக்கு இந்த நிலம் வேறொரு வழியைக் காட்டும்: முதல் தலைமுறைத் துறவிகள் வெறும் மணலில் நாற்று நட்டு, ஒரு குவளை மருந்துகூடக் காய்ச்சாமல் இறந்துபோகிறார்கள், இரண்டாம் தலைமுறை நிழலைப் பார்க்கிறது, மூன்றாம் தலைமுறைக்குத்தான் பட்டை கிடைக்கிறது. தான் ஒருபோதும் பயன்படுத்தப்போகாத மருந்துக்காக விரதம் ஏற்றவர்களிடம், மருத்துவம் தெரியாத மருத்துவர்களிடம், கிராமத்தார் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை எழுதிப் பார்க்கலாம்.

காவலின் இருண்ட பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. காட்டைப் புனிதமாக்கி எல்லைக்கல் நடும் எந்த அமைப்பும், அதற்கு முன்பே அங்கே தேன் எடுத்தும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்தவர்களை வெளியே தள்ளக்கூடும். கருணையே வடிவான மடம் ஒன்று, தன் எல்லைக்குள் கிழங்கு தோண்டிய குடும்பத்தைத் திருடர்கள் என்று தண்டிக்கும் காட்சி, எந்த அரக்கனையும்விட வாசகரை உலுக்கும். மடத்தின் மருத்துவ அறிவில் எவ்வளவு அந்தக் குடும்பத்தின் பாட்டிமார் கற்றுக்கொடுத்தது என்பதை நான்காம் அத்தியாயத்தில் வெளிப்படுத்தினால் போதும், முதல் மூன்று அத்தியாயங்களை வாசகர் திரும்பப் படிப்பார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது. மடத்தின் தோற்றப் புராணத்தையும் ஏழு வகைத் துறவிகளின் பெயர்ப்பட்டியலையும் எழுதுவதில் முதல் வாரத்தைச் செலவிட வேண்டாம். ஒரு மரத்தை மட்டும் தேர்ந்துகொண்டு, அதற்கான மடத்துப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை எழுதுங்கள்: நட்டவர் பெயர், முதலில் உரித்த ஆண்டு, யாருக்காக உரித்தது, எத்தனை விரல் அகலம், காயம் ஆறிய நாள், அடுத்து உரிக்கலாகாத காலம். பிறகு, அந்தக் காலம் முடிவதற்கு முன்பே உரிக்கப்பட்டதாக வேறொரு கையெழுத்தில் ஒரு வரியைச் சேர்த்து, அதை எழுதியவர் யார், அவரிடம் கேட்டு வந்தவர் யார், பதிவேட்டைப் பாதுகாக்கும் துறவி அந்த வரியை அடித்தாரா விட்டுவிட்டாரா என்று முடிவு செய்யுங்கள்.